கபிலம் என்னுஞ் சொல்

சொற்பொருளைத் தெளியாது நூற்பொருளை ஆராயப் புகுதல் கோலின்றி நிலம் அளக்கப் புகுதலை ஒக்கும். சொற்களுள்ளும் நிறங்குறிக்குஞ் சொற்கள் பெரிதும் மயக்கந் தருவன. ஒரு நிறச்சொல் முதற்கண் பண்பை உணர்த்தும். பின்னர் அப்பண்புடைய பொருளை உணர்த்தும். அதன்பின் அப்பொருள்களுள் ஒன்றற்கே சிறப்புப் பெயராய் நின்றுவிடும். இம்மூன்று நிலையும் ஒரு சொல்லின்கண் ஒருங்கே கிடக்குமாயின், நூலுள் ஓரிடத்து வந்த அச்சொல் எந்நிலையினது என்று துணிதல் எளிதன்று. 'கபிலம்' அத்தகைய சொற்களுள் ஒன்று. இது முனிவர் ஒருவரின் பெயரா, நிறத்தின் பெயரா என்னும் சிறு வினா, இறைவனை உடன்படாத ஒரு சமயத்திற்கு உபநிடதச் சான்று உண்டா இல்லையா என்னும் பெருவினாவாய் வளர்ந்தது. ஆதலின் இச்சொல்லின் வரலாற்றை முறையாக அறிந்துகோடல் சைவ நூல் பயில்வார்க்கு இன்றியமையாததாகும்.

கபிலம் என்பது செம்மையும் பொன்மையும் கருமையும் தம்முட் கலந்த நிறம். அமரகோசம் இந்நிறத்திற்குக் கடாரம், கபிலம், பிங்கம், பிசங்கம், கத்துரு, பிங்கலம் என ஆறு பெயர்களை ஒருங்கே தொகுத்துக் கூறும். கருமை மிக்க பழுப்பைச் சியாவம், கபிசம் என அதனின் வேறு பிரித்து வைக்கும். எனவே, கபிலம் இருளின் பக்கஞ் சாய்ந்த பழுப்பன்று. ஒளியின் பக்கஞ் சாய்ந்த பழுப்பு என்பது அந்நூலின் பாகுபாட்டால் விளங்கும். குரங்கினை உணர்த்தும் 'கபி' என்னும் சொல்லோடு இதனை இயைத்து, குரங்கின் மயிர்நிறம் உடையது கபிலம் என வடநூலார் பொருள் விரிப்பர். மயிர்நுனியிற் கதிரொளி படுங்கால் தோன்றும் பொன்கலந்த பழுப்பே அவர் கருதியதாகும்.

தமிழில் இந்நிறத்தைக் குறித்தற்கு வேறு சொற்கள் இல்லாமலில்லை. குரால் என்னுஞ் சொல் கபில நிறத்தையும் அந்நிறமுடைய பசுவையும் குறிக்கும். புகர் என்பது மங்கிய பழுப்பையும் அந்நிறப் புள்ளியையும் குறிக்கும். சேதா என்பது செம்மையும் ஆவும் புணர்ந்து அமைந்த பெயர். செந்நிறம் வாய்ந்த பசுவிற்கு வழங்குவது. இக்காலத்துத் தமிழ்நாட்டில் பெருவழக்காயுள்ள 'பழுப்பு' என்பதோ, பழுத்த இலையின் நிறத்தினின்று பிறந்தது. கபிலம் என்னுஞ் சொல் நூல்வழக்கிலே ஒடுங்கிவிட்டதென்று கருதுதலும் பொருந்தாது. இலங்கைத் தமிழர் பள்ளிப் பாடங்களிலும் வேளாண்மை ஏடுகளிலும் 'கபில நிறம்' என்றே இன்றும் எழுதுவர். தமிழ்நாட்டு உழவர் புகையான் என்று சொல்லும் நெற்பூச்சியை அவர் 'கபிலநிறத் தத்தி' என்பர். ஒரு நாட்டில் அருகிய சொல் மற்றொரு நாட்டில் நாளும் வழங்குதல் தமிழின் பரப்பைக் காட்டுவதாம்.

இனி, வேதத்துள் இந்நிறம் யார்மாட்டு வைத்து ஓதப்படுகின்றது என நோக்குதல் வேண்டும். கபிலம் என்னுஞ் சொல் இருக்குவேதத்தின் பத்தாம் மண்டலத்து 27ஆம் சூக்தத்தில் வருகின்றது. ஆயினும் அதனினும் பயின்று வரும் நிறச்சொல் 'பப்ரு' என்பதே. பழுப்பு நிறத்திற்கு ஆங்கிலர் வழங்கும் பிரௌன் என்னும் சொல்லும் இதனோடு ஒருவேரிற் பிறந்தது என்பர் மொழிநூல் வல்லார். இரண்டாம் மண்டலத்து 33ஆம் சூக்தம் உருத்திரனைப் பரவுவது. கிருத்சமதர் அதன் இருடி. பதினைந்து மந்திரங்களையுடைய அச்சூக்தத்தில் உருத்திரன் பப்ரு எனப் பலகாற் போற்றப்படுகின்றான். எசுர்வேதத்தின் நடுவணதாய் விளங்கும் திருவுருத்திரத்தின் முதல் அநுவாகமும் அவ்விறைவனைத் தாமிரநிறத்தன், அருணநிறத்தன், பப்ருநிறத்தன், மங்கலன் என்று கூறும். எழுகின்ற ஞாயிற்றினிடத்து உருத்திரனைக் கண்டு ஓதியது அப்பகுதி. ஞாயிறு எழுங்காற் செம்பு போலவும், சிறிதே உயர்ந்துழி இளஞ்செம்மையாகவும், பின்னர்ப் பொன்பழுப்பாகவும் தோன்றுதல் கண்கூடு. ஆநிரை மேய்ப்பாரும் நீர் கொணரும் மகளிரும் அவனைக் காண்கின்றனர் என்று அம்மந்திரம் தொடர்ந்து கூறுதலால், கற்றார்க்கே அன்றி எல்லார்க்கும் எளிவந்த பெருமான் அவன் என்பதும் பெறப்படும். இரண்டாம் அநுவாகத்திலும் 'பப்லுசன்' என அந்நிறத்தாலேயே அவனுக்கு வணக்கம் கூறப்படுகின்றது.

தைத்திரீய ஆரணியகத்திலே பரம்பொருள் 'கிருஷ்ணபிங்கலன்' எனப்படும். கருமையும் பிங்கலமும் ஒருங்குடையான் என்பது அதன் பொருள். ஒருவன்பால் இருநிறம் எங்ஙனம் இயையும் எனின், இடப்பாகம் உமையினது ஆதலிற் கருமையும், வலப்பாகம் மகேசுவரனது ஆதலிற் பிங்கலமும் ஆயின என உரைகாரர் கொள்வர். அம்மையப்பராய் நின்ற திருவுருவை இரண்டு நிறச்சொற்களே உணர்த்திவிட்டன. உடம்பின் வலப்பக்கத்து ஓடும் நாடிக்குப் பிங்கலை என்னும் பெயர் யோகநூல்களில் வழங்குதலும் ஈண்டு நினைத்தற்குரியது. அது ஞாயிற்றின் நாடி எனப்படும்.

தேவாரத்துட் பயின்று வரும் 'புன்சடை' என்னும் தொடரையும் இவ்விடத்தே ஆராய்தல் தகும். புன்மை என்பதற்கு இழிவு என்னும் பொருள் இக்காலத்திற் பெருவழக்காயினமையால், இறைவன் சடையைப் புன்சடை என்றது என்னை என ஐயுறுவாரும் உளர். புன்மை என்பதற்கு மங்கிய பழுப்பாகிய புகர்நிறமும் பொருளாம். ஆதலின் புன்சடை என்பது கபில நிறச் சடை என்றே பொருள்படும். அச்சடையையே செஞ்சடை என்றும் பொற்சடை என்றும் ஆசிரியர்கள் பாடியருளினர். செம்மை, பொன்மை, புகர் என்னும் மூன்றும் தம்முள் மாறுபடுவன அல்ல. கபிலம் என்னும் ஒரு நிறத்தினுள் அடங்குவன. எண்ணெயும் நீவுதலும் இன்றித் தவத்தில் நின்றார் சடைக்கு இயல்பாக எய்தும் நிறமும் அதுவே.

அடுத்து, பசுவின்பால் இச்சொல் பெற்ற சிறப்பு. கபில நிறப் பசு கபிலை எனப்பட்டது. பிருகச்சாபால உபநிடதம் திருநீற்றின் தோற்றத்தை விரித்துக் கூறுமிடத்து, இறைவனுடைய ஐந்து முகங்களினின்றும் ஐந்து பூதங்களும், அவற்றினின்று ஐந்து கலைகளும், அவற்றினின்று ஐந்து நிறப் பசுக்களும் தோன்றின என்கின்றது. சத்தியோசாதத்தினின்று பிருதிவியும், அதனின்று நிவிர்த்தி கலையும், அதனின்று கபில நிறம் வாய்ந்த நந்தையும் தோன்றின. நந்தையின் சாணத்தால் ஆகியது விபூதி. கரிய பத்திரையால் பசிதமும், செய்ய சுரபியால் பஸ்மமும், வெள்ளிய சுசீலையால் க்ஷாரமும், பன்னிறம் விரவிய சுமனையால் இரக்ஷையும் ஆயின. ஐம்பெயரும் திருநீற்றிற்கே உரியன. எனினும், உலகம் முழுதும் எடுத்தாள்வது விபூதி என்னும் பெயரையே ஆதலின், கபிலையின் தலைமை அதனாலும் பெறப்படும். பசுவிற்கு அணியாவது அரனுக்கு ஆடற்குரிய ஐந்தினையும் தருதலே என்னும் கருத்தைத் திருநாவுக்கரசு சுவாமிகள் நமச்சிவாயத் திருப்பதிகத்துள் அருளியதும் இச்சிறப்பு நோக்கியேயாம்.

இதன்கண் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கம் பிருதிவியின் நிறம் பொன்மை என்னும். மேற்காட்டிய உபநிடதமோ பிருதிவியின் வழித்தோன்றிய பசு கபிலம் என்னும். நீர், காற்று, வான் என்பவற்றின் நிறத்தில் இருநூலும் வேறுபடினும், தீயைச் செம்மையென்பதில் ஒத்து நிற்கின்றன. மண்ணின் நிறத்தில் ஒன்று பொன் எனவும் மற்றொன்று கபிலம் எனவும் கூறுகின்றன. பொன்னும் கபிலமும் அணுகிய நிறங்கள் என்பதற்கு இது சான்றாதல் காண்க. இச்சான்று பின்னர் வேண்டப்படும்.

கபிலையின் பெருமை நூல்களோடு நின்றிலது; கல்லிலும் பொறிக்கப்பட்டது. கன்னட நாட்டுக் கல்வெட்டுக்கள், அறத்திற்கு அழிவு செய்வார் வாரணாசியில் ஆயிரம் 'கவிலெ'யைக் கொன்ற பாவத்தை எய்துவர் என்று முடிதல் பெரும்பான்மை. கவிலெ என்பது கபிலை என்பதன் திரிபு. தமிழ்நாட்டுச் சாசனங்களிலே கங்கைக் கரையிற் குராற்பசுவையோ காராம்பசுவையோ கொன்ற பாவம் அவ்விடத்தில் வரும். வடசொல்லாகிய கபிலைக்கு நேராகக் குரால் என்னும் தமிழ்ச்சொல் சாசன மொழியில் நின்று பணிசெய்தமை அறியத்தக்கது. கோயில் நிலத்தையும் விளக்கையும் காத்தற்கு அரசன் ஆணை எட்டாத காலத்தும், கபில நிறப் பசு ஒன்றன்மேல் மக்கள் வைத்த அன்பு காவலாய் நின்றது.

மக்கட் பெயராக இச்சொல் வழங்கியதற்குத் தமிழ்நாட்டிற் பேர்போன சான்று கபிலர். குறிஞ்சிப்பாட்டின் ஆசிரியரும், பறம்பின் கோமானாகிய பாரியின் உயிர்த்துணைவரும், பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தாற் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடியவரும் ஆகிய அப்புலவர் பெருமான், பாரி மாய்ந்தபின் வடக்கிருந்தார் எனப் புறநானூற்றின் பழங்குறிப்புக் கூறும். திருக்கோவலூர் வீரட்டானத்து முதல் இராசராசன் காலத்துக் (985–1014) கல்வெட்டோ, அவர் பாரிமகளை மலையனுக்கு உதவிப் பெண்ணையாற்றின் நடுவே எரிபுக்கார் என்றும், அவ்விடம் கபிலக்கல் என்றும் கூறும். பதினொராந் திருமுறையில் மூன்று பிரபந்தங்களை உடையவர் கபிலதேவ நாயனார். அவர் மொழிநடை பிற்காலத்ததாதலின், சங்கத்துக் கபிலரின் வேறாவார் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஒரு பெயர் கண்ட துணையானே ஒருவரென்று முடித்தல் ஆகாது என்பதற்கு இஃது உள்ளூர் எடுத்துக்காட்டு.

இவ்வெடுத்துக்காட்டை மனத்திற்கொண்டு, முதற்கண் சுட்டிய பெருவினாவிற்கு வருதல் முறை. சுவேதாசுவதர உபநிடதம் ஐந்தாம் அத்தியாயத்து இரண்டாம் மந்திரத்தில், முதற்கண் பிறந்த இருடியாகிய 'கபில'னை ஞானங்களால் நிறைத்து, அவன் பிறத்தலைக் கண்டவன் யாவன் அவனே இறைவன் என்னுங் கருத்து வருகின்றது. சாங்கியர் இதனைக் கைக்கொண்டு, எம் ஆசிரியராகிய கபிலரையே சுருதி இருடியென்றும் ஞானமுடையார் என்றும் புகழ்ந்தது; ஆதலின் எம் நூல் வேதநெறிக்கு உடன்பாடு என்பர். அச்சாங்கியமோ புருடனையும் பிரகிருதியையும் உட்கொண்டு இருபத்தைந்து தத்துவங்களோடு அமைவது. அவற்றை இயக்கும் இறைவனை வேண்டாதது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்துட் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்குமிடத்து நிரீச்சுர சாங்கியனையும் அவர்களுள் ஒருவனாக வைத்தது இக்குறை பற்றியே. அங்ஙனமாக, உருத்திரனையே முதல்வனாகத் தெளிவுற ஓதும் உபநிடதம் ஒன்று, இறைவனை மறுக்கும் நூலின் ஆசிரியர்க்குப் புகழுரை ஆயிற்று எனின், அது தன்னைத்தானே மறுத்ததாய் முடியும்.

இதற்கு விடை நிறச்சொல்லின் வரலாற்றிலே உளது. அவ்வுபநிடதமே மூன்றாம் அத்தியாயத்து நான்காம் மந்திரத்தில், உலகிற்கு அதிபனாகிய உருத்திரன் முதற்கண் இரணியகருப்பனைத் தோற்றுவித்தான் என்னும். நான்காம் அத்தியாயத்துப் பன்னிரண்டாம் மந்திரம் அவ்விரணியகருப்பன் பிறத்தலை அவன் கண்டான் என்னும். ஆறாம் அத்தியாயத்துப் பதினெட்டாம் மந்திரம், முதலிற் பிரமனைப் படைத்து அவனுக்கு வேதங்களை அளித்தான் என்னும். முதற்கண் பிறத்தல், பிறத்தலை இறைவன் காண்டல், ஞானம் அளிக்கப்பெறுதல் என்னும் மூன்றும் ஏனைய மந்திரங்களில் இரணியகருப்பன்மேல் வைத்து ஓதப்பட்டிருக்க, அம்மூன்றும் ஒருங்கு வந்த ஐந்தாம் அத்தியாயத்து மந்திரம் மட்டும் வேறொருவரைக் குறித்தது என்றல் பொருந்தாது. இரணியம் என்பது பொன். பொன்னிறத்தானைக் கபிலன் என்றல் நிறத்தால் இயைவதே. பொன்னும் கபிலமும் அணுகிய நிறங்கள் என்பது பிருதிவியைக் கூறிய நூல்களாலும் மேலே பெறப்பட்டது. சங்கரர் பெயரால் வழங்கும் சுவேதாசுவதர உரையும் அவ்விடத்துக் கபிலம் என்பதற்குப் பொன்போலும் கபில நிறமுடையான் என்றே பொருள் எழுதிற்று.

பிரமசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்திலும் இவ்வாதம் நிகழ்ந்தது. கபிலன் என்னும் பெயர் பொதுவாய் வந்த துணையானே சாங்கிய ஆசிரியர் பெறப்படார். சகரன் புதல்வரை எரித்த வேறொரு கபிலரும் சொல்லப்படுகின்றார் என்பது ஆண்டுச் சங்கரர் கூறிய மறுப்பு. மகாபாரதத்து வனபருவமோ, அக்கினிகளை வகுத்துரைக்கும் பகுதியில் சாங்கிய யோகத்தைத் தொடங்கிய கபிலர் ஓர் அக்கினியே என்று கூறும். தீயின் நிறம் நோக்கி எழுந்த பெயர் முனிவர்பெயரோடு கலந்தவாறு இது. இன்னும், ஈசுவரகிருட்டினர் இயற்றிய சாங்கிய காரிகை தன் ஆசிரிய மரபைக் கூறுமிடத்துப் 'பரமருடி' என்றும் 'முனி' என்றும் கூறி, அவர்வழி ஆசுரியையும் பஞ்சசிகரையும் பெயர் சுட்டுகின்றதே அன்றி, முதலாசிரியரைக் கபிலர் எனத் தானே பெயர் கூறிற்றிலது. அது உரைகாரர் கூறுவது. கி.பி. 6ஆம் நூற்றாண்டிலே பரமார்த்தர் என்னும் பௌத்தரால் சீனமொழியில் பெயர்க்கப்பெறும் அளவு பெருமையுற்ற நூல் அது.

சாங்கியர் நிறச்சொல்லை இவ்வாறு தம்வயமாக்கியது இஃதொன்றே அன்று. அதே உபநிடதம் நான்காம் அத்தியாயத்து ஐந்தாம் மந்திரத்தில் செம்மை, வெண்மை, கருமை என்னும் மூன்று நிறமுடைய 'அசை' ஒன்றனைக் கூறும். சாங்கியர் இந்நிறங்களை முறையே இராசதம், சாத்துவிகம், தாமதம் என்னும் முக்குணமாக்கி, அசை எம் பிரகிருதியே என்றனர். சூத்திரகாரர் முதல் அத்தியாயத்து நான்காம் பாதத்திற் சமசம் என்னும் வேள்விக் கலத்தை உவமையாக்கி, அச்சொல் மட்டுங் கொண்டு அங்ஙனம் துணிதல் ஆகாது என விலக்கினார். சாந்தோக்கியத்தின்படி தீயின் நிறம் செம்மை, நீரின் நிறம் வெண்மை, மண்ணாகிய அன்னத்தின் நிறம் கருமை என்பதே ஆண்டு எடுத்துக்காட்டப்பெற்ற பொருள். நிறம் என்று ஓதியதை நிறமென்றே கொண்டு, எந்நிறம் எப்பொருளது என்பதைச் சுருதிகொண்டே துணிதல் வேண்டும் என்பது இரண்டிடத்தும் ஒத்த நெறி.

அற்றேல், கீதையின் பத்தாம் அத்தியாயம் சித்தருட் கபில முனிவனைச் சிறந்தவனாகக் கூறிற்றன்றோ, கபிலன் என்பதை முனிவர்பெயரென்றே கொண்டால் வரும் இழுக்கு யாது எனின், அங்ஙனங் கொள்ளினும் சித்தாந்தத்திற்கு இழுக்கில்லை. மந்திரத்தில் அறிவு பெற்றவன் கபிலன். அறிவு தந்தவன் வேறு ஒருவன். கபிலன் பிறந்தவன், அவன் பிறத்தலைக் கண்டு நின்றவன் பிறவாதவன். அறிவிக்க அறிவது பசு. தானே அறிந்து அறிவிப்பது பதி. ஆகவே, நிறமெனக் கொள்ளினும் பெயரெனக் கொள்ளினும் அம்மந்திரம் பதியின் உண்மையையே நாட்டும். பதியை மறுக்கும் நூலுக்குத் துணையாகாது. சாங்கியர் தமக்குச் சான்றென்று காட்டிய அச்சுருதியே அவர் விட்ட பொருளை எடுத்துக் காட்டுவதாயிற்று.

சென்னைக்குத் தெற்கே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலின் தலவரலாறு, கபில முனிவர் பசுவுருவில் நின்று சிவபெருமானை வழிபட்டுப் பேறு பெற்றார் என்று கூறும். கபிலர் என்னும் பெயரும் கபிலை என்னும் பெயரும் ஒன்றுபட்டு, இரண்டும் இறைவன் திருமுன் நின்ற நிலை அது. வாதத்தால் எய்தாத முடிபை வழிபாட்டினால் எய்தியவாறாகத் தமிழ்நாட்டு அடியார் அதனைப் போற்றி வருகின்றனர்.

இதுகாறும் கூறியவாற்றால், கபிலம் என்னுஞ் சொல் ஒளி கலந்த பழுப்பினைக் குறிப்பது என்பதும், அவ்வினத்து நிறங்கள் வேதத்தில் உருத்திரனுக்கும் தமிழில் அவன் சடைக்கும் உரியனவாய் ஓதப்பட்டன என்பதும், அந்நிறப் பசு திருநீற்றிற்கு மூலமாகக் கூறப்பட்டது என்பதும், உபநிடதத்துக் கபிலன் பொன்னிறத்து முதற்பிறப்பினன் என்பதும் போந்தன. காலையில் எழுஞாயிற்றைக் கண்டு கைகுவிப்பாரும், கபிலையின் சாணத்தாலாகிய நீற்றை நெற்றியில் அணிவாரும் இச்சொல்லின் பொருளை நாளும் கையாள்கின்றனர். அப்பொருளை அறிந்து அணிவார்க்கு அந்நீறு அறிவித்தவன் நினைவையும் உடன் தருவதாகும்.